வரலாறு மாணவர்களுக்கான உதவித்தொகைகளும் பரிசுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். சேர்க்கை நாளில் பிள்ளையோடு வரும் அப்பாவோ அம்மாவோ முதலில் கேட்பது, "இதைப் படிச்சா என்ன சார் கிடைக்கும்?" என்பதுதான். மூன்று வருடம் கழித்து அதே பிள்ளை தனியாக வந்து நிற்கும். "மேல படிக்கணும் சார், ஆனா வீட்ல முடியாது" என்று சொல்லும். அப்படி வந்து நின்றவர்களுக்குப் பல வருடங்களாகச் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நம் பிள்ளைகளில் பலர் தகுதி இருந்தும் பணத்தை இழக்கிறார்கள். ஒரு தேதி தெரியாமல் போயிருக்கும், இல்லையென்றால் ஒரு சான்றிதழ் விட்டுப்போயிருக்கும். தொகைகளும் விதிகளும் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை முழுவதும் படித்துவிடுங்கள்.

வரலாறு படிப்பவர்களுக்கென்றே தனியாக உதவித்தொகை உண்டா?

பி.ஏ.வில் அப்படித் தனியாகத் தேட வேண்டாம். அங்கே கிடைப்பவை எல்லாப் பாடத்துக்கும் பொதுவானவை. எம்.ஏ.விலும் அதே கதைதான். முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்த பிறகுதான் வரலாற்றுக்கென்றே நிதி தரும் அமைப்புகள் வருகின்றன.

சொற்களையும் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். உதவித்தொகை பெரும்பாலும் குடும்ப வருமானத்தையும் சாதிச் சான்றிதழையும் பார்க்கும். ஆய்வு நல்கை உங்கள் தேர்வு மதிப்பெண்ணையோ ஆய்வுத் தலைப்பையோ பார்க்கும். பரிசும் பதக்கமும் நீங்கள் ஏற்கெனவே செய்து முடித்ததைப் பார்க்கும். மூன்றுக்கும் தயாராகும் விதம் வேறு.

பி.ஏ. முதலாண்டு சேர்ந்திருக்கிறேன். இப்போதே என்ன கிடைக்கும்?

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டம், பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டம். முன்னது 2022 செப்டம்பரில் தொடங்கியது, பின்னது 2024 ஆகஸ்டில். இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய் கணக்கில் வரும். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். மாதம் ஆயிரம் என்பது பேருந்துக் காசு, ஜெராக்ஸ் காசு, தேர்வுக் கட்டணம். அதை வைத்தே படிப்பை நிறுத்தாமல் இருந்த பெண்களை எனக்குத் தெரியும்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவினருக்குப் போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான உதவித்தொகை தனியாக உண்டு. கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் யூமிஸ் எண்ணைக் (கல்லூரி மாணவர் ஒவ்வொருவருக்கும் மாநில அரசின் பதிவில் உள்ள அடையாள எண்) குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மாநில அரசின் திட்டங்களுக்கு அதுதான் சாவி.

பலர் தவறவிடுவது மத்தியத் துறை உதவித்தொகை. ஆண்டுக்கு 82,000 புதியவர்களுக்குத் தருகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் உங்கள் வாரியத்தின் முதல் 20 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இளங்கலையில் ஆண்டுக்கு 12,000, முதுகலையில் 20,000. இதில் ஒரு முக்கியமான விஷயம், இடங்களை அறிவியல், வணிகம், கலை என்று 3:2:1 விகிதத்தில் பிரிக்கிறார்கள். அதாவது பன்னிரண்டாம் வகுப்பில் கலைப் பிரிவு எடுத்தவர்கள் மருத்துவம், பொறியியல் போகும் பிள்ளைகளோடு மதிப்பெண்ணில் மோத வேண்டியதில்லை. "எனக்கெங்கே கிடைக்கப் போகிறது" என்று விட்டுவிடும் வரலாறு மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாதி இடங்கள் பெண்களுக்கு. விண்ணப்பம் தேசிய உதவித்தொகை இணையதளத்தில்.

முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிறேன். பி.ஏ. வரலாற்றுக்குச் சலுகை உண்டா?

அந்தக் கட்டணச் சலுகை பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கானது. சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள், தம்பி தங்கை யாராவது அந்தப் பக்கம் போகும்போது ஏற்கெனவே வாங்கிவிட்டதைச் சொல்ல வேண்டிவரும்.

இணையதளத்தில் 'அனுமதிக்கப்பட்டது' என்று காட்டுகிறது. பணம் மட்டும் வரவில்லை. ஏன்?

பத்தில் எட்டுப் பேருக்கு நான் பார்த்த காரணம் ஆதார் சீடிங். வங்கியில் ஆதார் நகல் கொடுத்தது மட்டும் போதாது. அரசின் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு (டி.பி.டி.) அந்தக் கணக்கு, வங்கிகளுக்கு இடையே பணம் அனுப்பும் அமைப்பான என்.பி.சி.ஐ.யின் பதிவில் உங்கள் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அதற்குத்தான் பணம் போகும். பள்ளியில் படித்தபோது தொடங்கிய கணக்கு ஒன்று, ஊரில் நூறுநாள் வேலைக்கு அம்மாவோடு போய்த் தொடங்கியது ஒன்று என்று இரண்டு மூன்று கணக்கு இருக்கும். பணம் நீங்கள் மறந்துபோன கணக்கில் கிடக்கும்.

என் மாணவி ஒருத்திக்கு ஒரு வருடப் பணம் இப்படித்தான் தடைபட்டது. வங்கிக் கிளையில் கேட்டபோதெல்லாம் "ஆதார் இணைச்சாச்சும்மா" என்றே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான்காவது முறை நானும் கூடப் போய், என்.பி.சி.ஐ. பதிவைத் திரையில் காட்டச் சொன்ன பிறகுதான் வேறு வங்கியின் பெயர் இருப்பது தெரிந்தது. ஆகவே வங்கிக்குப் போனால் "டி.பி.டி.க்கு சீடிங் ஆகியிருக்கிறதா" என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது காரணம், கல்லூரியின் நோடல் அலுவலர், அதாவது உதவித்தொகை விண்ணப்பங்களுக்குப் பொறுப்பானவர், சரிபார்ப்பை முடிக்காமல் இருப்பது. விண்ணப்பம் அனுப்பிய மறுநாளே அலுவலகத்தில் போய்ச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். இது தொந்தரவு கிடையாது, உங்கள் உரிமை. மூன்றாவது, புதுப்பித்தல். முதலாண்டு கிடைத்தால் அடுத்த ஆண்டு தானாக வந்துவிடாது.

எம்.ஏ. வரலாற்றுக்கு ஏதாவது பெரிய தொகை இருக்கிறதா?

இருக்கிறது, இது பலருக்குத் தெரியவே தெரியாது. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., முதுகலைப் படிப்புக்கான தேசிய உதவித்தொகை என்று ஒன்றைத் தருகிறது. ஆண்டுக்குப் பத்து மாதம், மாதம் 15,000 ரூபாய். இரண்டு வருடத்துக்கு மொத்தம் மூன்று லட்சம். நாடு முழுவதும் 10,000 இடங்கள். இளங்கலை மதிப்பெண்ணை வைத்துத் தேர்வு செய்கிறார்கள். முழுநேரமாக முதுகலை முதலாண்டு சேர்ந்திருக்க வேண்டும், வயது 30-க்குள் இருக்க வேண்டும். தொலைநிலைக் கல்வியில் படித்தால் கிடைக்காது. வீட்டுக் கஷ்டத்தைப் பார்த்து எம்.ஏ.வைத் தபாலில் படித்துக்கொள்ளலாம் என்று முடிவெடுக்கும் முன் இந்த ஒரு திட்டத்தையாவது முயன்று பாருங்கள்.

முதலாண்டில்தான் புதிதாக விண்ணப்பிக்க முடியும். இரண்டாமாண்டில் வந்து கேட்பவர்களிடம் இல்லை என்று சொல்லும்போது எனக்கே வருத்தமாக இருக்கும்.

ஜே.ஆர்.எஃப். என்கிறார்களே, அது என்ன? எவ்வளவு வரும்?

இளநிலை ஆய்வாளர் நல்கை. வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும் தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வில் மேல்நிலையில் வருபவர்களுக்குக் கிடைக்கும். 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த தொகைப்படி முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அடுத்த மூன்று வருடம் 42,000. வீட்டு வாடகைப் படியும் நூல், பயணம் போன்ற செலவுக்கு ஆண்டுத் தொகையும் தனி. வரலாற்றில் முனைவர் பட்டம் செய்ய நினைப்பவருக்கு இந்தியாவில் இதைவிட உறுதியான வருமானம் கிடைப்பது கடினம். ஐந்து வருடம் வீட்டைக் கேட்காமல் ஆவணக் காப்பகத்தில் உட்காரலாம்.

எம்.ஏ.வில் 55 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. நல்கைக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஐந்து ஆண்டு வரை தளர்வு உண்டு. எம்.ஏ. இறுதியாண்டிலேயே எழுதலாம். முதல் தாளில் 50 கேள்விகள், இரண்டாம் தாளில் 100 கேள்விகள், மூன்று மணி நேரம், மொத்தம் 300 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அதனால் ஒரு கேள்வியையும் விடாதீர்கள்.

முதல் தாளை நம் மாணவர்கள் அலட்சியம் செய்கிறார்கள். அது எல்லாப் பாடத்துக்கும் பொதுவானது: கற்பித்தல், ஆய்வு முறை, தர்க்கம், தரவு விளக்கம். வரலாற்றுத் தாளில் நன்றாக எழுதிவிட்டு, முதல் தாளில் கணக்கையும் தர்க்கத்தையும் விட்டதால் சில மதிப்பெண்ணில் ஜே.ஆர்.எஃப். நழுவியவர்கள் என் வகுப்பிலேயே ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். வரலாற்றுத் தாளின் பாடத்திட்டம் பத்து அலகுகள். பத்தாவது அலகு வரலாற்று வரைவியலும் ஆய்வு முறையும். நம் பல்கலைக்கழகங்களில் பலர் கடைசி வாரத்தில் புரட்டும் பகுதி அது. அதை முதலில் படியுங்கள். பிறகு ஆராய்ச்சித் திட்டம் எழுதும்போதும், நேர்காணலிலும் அதே பகுதிதான் கைகொடுக்கும்.

பள்ளியிலிருந்து எம்.ஏ. வரை தமிழ்வழியில் படித்தேன். நெட் எழுத முடியுமா?

எழுத முடியும். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மொழிப் பாடங்களைத் தவிர மற்ற பாடங்களுக்கு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. வரலாற்றைத் தாய்மொழியில் படித்த ஒரு இந்தி மாணவருக்குக் கிடைக்கும் வசதி தமிழ் மாணவருக்குக் கிடைப்பதில்லை. இது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. கூட்டங்களில் கேட்டிருக்கிறேன், இன்னும் கேட்பேன். அது மாறும்வரை நீங்கள் காத்திருக்க முடியாது, அதனால் வழியைப் பார்ப்போம்.

பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்துத் தெரிந்த சொற்களுக்கு அடிக்கோடு போட்டுப் பாருங்கள். இக்தா, ஜாகிர், மன்சப்தார், பிரமதேயம், தேவதானம், நாடு, ஊர், சபா, ரயத்துவாரி, ஜமீன்தாரி. இந்தச் சொற்கள் எந்த மொழியில் எழுதினாலும் அவையேதான். மன்னர் பெயர்களும் இடப்பெயர்களும் நூற்பெயர்களும் அப்படியே. வரலாற்றுப் பாடத்தின் கனமான சொற்களில் பாதிக்கு மேல் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். புதிதாகக் கற்க வேண்டியது கேள்வி கேட்கும் முறை: கால வரிசைப்படுத்து, பொருத்துக, கூற்று-காரணம், கீழ்க்கண்டவற்றுள் எது தவறு. இந்த வாக்கிய வடிவங்கள் ஒரு முப்பது நாற்பதுதான் இருக்கும். அவை திரும்பத் திரும்ப வரும்.

நான் என் மாணவர்களைச் செய்யச் சொல்வது, ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல். தினம் பத்து. பி.ஏ. இரண்டாமாண்டில் தொடங்கினால் எம்.ஏ. முடிவதற்குள் ஒரு சொந்த அகராதி கையில் இருக்கும். இதை முழுமையாகச் செய்த மூன்று பேர் ஜே.ஆர்.எஃப். எடுத்தார்கள். மூவரும் கிராமத்துப் பள்ளியில் படித்தவர்கள்.

இன்னொன்று, பாடத்திட்டத்தில் வடஇந்திய வரலாற்றின் பங்கு அதிகம். சோழரில் நாம் காட்டும் ஆர்வத்தில் பாதியை டெல்லி சுல்தான்கள் மீதும் மௌரியர் மீதும் காட்டினால் போதும்.

ஜே.ஆர்.எஃப். வரவில்லை. ஆய்வைக் கைவிட வேண்டியதுதானா?

இல்லவே இல்லை. பட்டியலினத்தவருக்கு ஆண்டுக்கு 2,000 தேசிய ஆய்வு நல்கைகளும், இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 1,000 நல்கைகளும் உண்டு. இவை நெட் மதிப்பெண் அடிப்படையில் தரப்படுகின்றன. அதனால் ஜே.ஆர்.எஃப். எல்லைக்குச் சற்றுக் கீழே நின்றவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். பழங்குடியினருக்கு 750 இடங்கள். சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் நல்கை 2022-23 முதல் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய புத்தகங்களில் இன்னும் அந்தப் பெயர் இருக்கும், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

வீட்டுக்கு ஒரே மகள் என்றால் யு.ஜி.சி.யின் சாவித்திரிபாய் ஜோதிராவ் பூலே நல்கை இருக்கிறது. முழுநேர முனைவர் பட்ட ஆய்வுக்கானது. சகோதரர் இருக்கக் கூடாது. இரட்டைப் பெண்களாகப் பிறந்தவர்களும் விண்ணப்பிக்கலாம்.

தமிழ்நாடு அரசு முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகையைத் தொடங்கியிருக்கிறது. 2023 டிசம்பரில் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்திய முதல் தேர்வு 120 பேருக்கானது, கலைப் பாடங்களுக்கு 60, அறிவியலுக்கு 60. மாதம் 25,000 வீதம் மூன்று வருடம். மாநில அளவிலான போட்டி என்பதால் நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பு கூடுதல். ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு ஆண்டுதோறும் தரும் ஊக்கத்தொகையும் தனியாக உண்டு.

வரலாற்றுக்கென்றே இருப்பது இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம், எல்லாரும் சொல்வது ஐ.சி.எச்.ஆர். 1972-ல் டெல்லியில் தொடங்கியது, பெங்களூரில் மண்டல மையம் இருக்கிறது. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்களுக்கு இளநிலை நல்கை தருகிறது. தொகை யு.ஜி.சி. ஜே.ஆர்.எஃப்.-ஐ விடக் குறைவு. அதோடு ஆய்வுப் பயண நல்கையும் தருகிறார்கள். டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ கொல்கத்தாவுக்கோ போய்ச் சில வாரம் தங்கிக் குறிப்பெடுக்க அது உதவும். நவீன சமூக வரலாறு, பொருளாதார வரலாறு போன்ற தலைப்பென்றால் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் நல்கையும் பொருந்தும். அந்தக் கழகத்தின் வலையமைப்பில் உள்ள நிறுவனம்தான் சென்னை அடையாறில் 1971-ல் மால்கம் ஆதிசேஷையா நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். அங்கே முனைவர் பட்டத்துக்குச் சேரும் வாய்ப்பையும் விசாரியுங்கள்.

ஆராய்ச்சித் திட்டம் எழுதச் சொல்கிறார்கள். எப்படி எழுதுவது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன், ஏனென்றால் நல்கைகள் பெரும்பாலும் இங்கேதான் கைவிட்டுப் போகின்றன.

'சோழர் கால நிர்வாகம்' என்று ஒருவர் எழுதிக்கொண்டு வருவார். அது பாடநூலின் ஒரு அத்தியாயத் தலைப்பு. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறை பற்றி நூறாண்டுக்கு மேலாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் புதிதாக என்ன கேட்கப் போகிறீர்கள் என்பதைத்தான் தேர்வுக் குழு பார்க்கும்.

தாது வருடப் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கியது. 'தாது வருடப் பஞ்சம், ஓர் ஆய்வு' என்றால் அதுவும் அத்தியாயத் தலைப்புதான். இப்போது கொஞ்சம் உள்ளே போங்கள். 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியைக் குறைத்தார். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, ஏறக்குறைய 450 கிராம் தானியமும் சிறு காசும். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உயிர் பிழைக்கப் போதாது என்று எதிர்த்து எழுதினார். இந்த இடத்தில் நின்று ஒரு கேள்வி கேளுங்கள்: கூலி குறைக்கப்பட்ட பிறகு சேலம் மாவட்ட நிவாரண வேலைகளிலிருந்து விலகியவர்கள் யார்? பெண்கள் எத்தனை பேர்? அவர்கள் எங்கே போனார்கள்?

இப்போது இது ஓர் ஆய்வு. இடம் இருக்கிறது, காலம் இருக்கிறது, மனிதர்கள் இருக்கிறார்கள். அப்புறம் சான்றுகள் எங்கே என்று எழுத வேண்டும். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரிய நடவடிக்கைகள், சுகாதார ஆணையரின் அறிக்கைகள், மாவட்ட ஆட்சியர்களின் கடிதங்கள். விண்ணப்பிக்கும் முன்பே ஒரு வாரமாவது அங்கே போய் ஒன்றிரண்டு கட்டுகளைப் பார்த்துவிட்டு வந்தால், திட்டத்தில் அந்த ஆவணங்களின் எண்ணையே குறிப்பிடலாம். "பார்க்கப் போகிறேன்" என்பதற்கும் "பார்த்தேன், இன்னது இருக்கிறது" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் குழுவும் உடனே உணரும்.

தலைப்பை ஒட்டி ஏற்கெனவே எழுதியவர்கள் யார், அவர்கள் எதைக் கேட்கவில்லை என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எந்த மாதம் எந்தக் காப்பகம் என்று கால அட்டவணை போடுங்கள். 'இவ்வாய்வு சமூகத்துக்குப் பயன்படும்' போன்ற வாக்கியங்களை எடுத்துவிடுங்கள். உங்கள் ஊரைப் பற்றியதாக இருந்தால் தயங்காதீர்கள். உங்கள் பாட்டி சொன்ன கதையில் பிறந்த கேள்விக்கு இருக்கும் வலு, இன்னொருவர் ஆய்வேட்டைப் பார்த்து எடுத்த தலைப்புக்கு வராது.

கீழடியைப் பார்த்த பிறகு தொல்லியலில் ஆசை வந்திருக்கிறது. படிக்கும்போதே உதவித்தொகை தருவார்களா?

தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்தும் தொல்லியல், கல்வெட்டியல் முதுநிலைப் பட்டயப் படிப்பு இரண்டு வருடம், மாத ஊக்கத்தொகையோடு. எழுத்துத் தேர்வு உண்டு, இடங்கள் கொஞ்சம். வட்டெழுத்தும் கிரந்தமும் படித்து, களத்தில் மண் தோண்டிக் கற்கும் வாய்ப்பு இது. மத்தியத் தொல்லியல் துறையும் கிரேட்டர் நொய்டாவில் உள்ள தன் நிறுவனத்தில் இதுபோன்ற பட்டயப் படிப்பை நடத்துகிறது.

சங்க காலத்தோடு தொடர்புள்ள ஆய்வென்றால் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தையும் பாருங்கள். ஆய்வு நல்கைகளோடு, இளம் அறிஞர் விருதும் அவர்கள் வழியாகவே வருகிறது. அது 30 முதல் 40 வயதுக்குள் இருப்பவர்களுக்கு.

பதக்கங்கள், பரிசுகள் எல்லாம் எதற்கு? பணமாக ஒன்றும் வருவதில்லையே?

பல்கலைக்கழகங்களில் அறக்கட்டளைப் பரிசு என்று இருக்கும். யாரோ ஒருவர் தன் தாய் தந்தையர் பெயரிலோ ஆசிரியர் பெயரிலோ ஒரு தொகையை வைப்பு வைத்திருப்பார். அதன் வட்டியிலிருந்து வரலாற்றில் முதலிடம் பெறுபவருக்குப் பதக்கமோ ரொக்கமோ. ஐம்பது வருடத்துக்கு முன் வைத்த முதல் என்பதால் இன்று தொகை சிறியதாகத் தெரியும். ஆனால் வெளிநாட்டு விண்ணப்பத்தில் 'பல்கலைக்கழகத்தில் முதலிடம், இன்னார் நினைவுப் பதக்கம்' என்று எழுத முடிவது பெரிய விஷயம். உங்கள் துறையில் என்னென்ன அறக்கட்டளைகள் இருக்கின்றன என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். யாரும் கேட்காததால் வழங்கப்படாமலே கிடக்கும் பரிசுகளும் உண்டு.

இதைவிட எனக்குப் பிடித்தது பேரவைகளில் கட்டுரை வாசிப்பது. தமிழ்நாடு வரலாற்றுப் பேரவை, தென்னிந்திய வரலாற்றுப் பேரவை, 1935-ல் பூனாவில் தொடங்கிய இந்திய வரலாற்றுப் பேரவை என்று மூன்று இருக்கின்றன. ஆண்டுதோறும் கூடுகின்றன. இந்திய வரலாற்றுப் பேரவையில் விஜய்குமார் தாக்கூர், பாப்பியா கோஷ் போன்ற மறைந்த ஆசிரியர்களின் நினைவாகச் சிறந்த கட்டுரைகளுக்குப் பரிசு தருகிறார்கள். தேர்வான கட்டுரைகள் நடவடிக்கைத் தொகுதியில் அச்சாகும். எம்.ஏ. படிக்கும்போதே உறுப்பினராகி ஒரு கட்டுரை வாசித்துவிடுங்கள். முதல் தடவை கை நடுங்கும், யாராவது கடினமான கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விதான் பல நேரம் உங்கள் முனைவர் பட்டத் தலைப்பாக மாறும்.

வெளிநாட்டில் வரலாறு படிக்க நம்மைப் போன்றவர்களுக்கு வழி இருக்கிறதா?

இருக்கிறது. முதலில் ஒரு தடையைச் சொல்லிவிடுகிறேன். பட்டியலினத்தவர் உள்ளிட்ட மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் 125 இடங்கள். 2022-ல் வந்த வழிகாட்டு நெறியில், இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இது கிடையாது என்று சேர்த்துவிட்டார்கள். இந்தியாவைப் பற்றி ஆராய வெளிநாடு எதற்கு என்பது அவர்கள் வாதம். எனக்கு இது பெரிய மனவருத்தம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-ல் பறையர் சமூகத்தின் நிலை பற்றி அறிக்கை எழுதினார், அதைத் தொடர்ந்துதான் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நில ஆணை 1892-ல் வந்தது. அந்த நிலத்தில் உழைத்தவர்களின் கொள்ளுப்பேத்தி, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் பிரிட்டிஷ் ஆட்சிக்கால 'இந்தியா ஆபீஸ்' ஆவணங்களைப் பார்த்து அதைப் பற்றி எழுத நினைத்தால் இந்த உதவித்தொகை அவளுக்கு இல்லை. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தின் விதிகளையும் சேர்த்துப் படியுங்கள்.

பிரிட்டனுக்கு ஃபெலிக்ஸ் உதவித்தொகை: ஆக்ஸ்ஃபோர்டு, லண்டன் சோவாஸ், ரெடிங் ஆகிய பல்கலைக்கழகங்களுக்கு. இதற்கு முன் இந்தியாவுக்கு வெளியே பட்டம் படித்திருக்கக் கூடாது, பண வசதி இல்லாதவராக இருக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்காகவே எழுதியது போன்ற விதிகள். சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளை 1981-ல் ஏற்பட்டது, ஷா வாலஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரின் சொத்திலிருந்து. இந்தியாவில் ஆய்வு செய்துகொண்டே பிரிட்டனில் மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆவணம் பார்க்க நல்கை தருகிறது. முழுப் படிப்புக்கும் போக முடியாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இன்லாக்ஸ் உதவித்தொகை 30 வயதுக்குள் இருப்பவர்களுக்கு. இந்தியாவில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டு ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்கா போய்வர ஃபுல்பிரைட்-நேரு.

அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்கே சேர்ந்தால் முன்னணிப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து வாழ்க்கைச் செலவுக்கும் தருகின்றன. அங்கே தென்னிந்திய வரலாறு படிக்க வருபவருக்குத் தமிழ் தெரிந்திருப்பது பெரிய பலம். மற்றவர்கள் இரண்டு மூன்று வருடம் வகுப்புக்குப் போய்க் கற்பதை நீங்கள் வீட்டிலிருந்தே கொண்டு போகிறீர்கள். விண்ணப்பத்தில் அதை அழுத்தி எழுதுங்கள்.

பரிந்துரைக் கடிதம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட வேண்டாம், அது ஆசிரியரின் வேலை. குறைந்தது மூன்று வாரம் முன்னால் கேளுங்கள். கடைசித் தேதி, உங்கள் திட்டம், மதிப்பெண் பட்டியல், நீங்கள் எழுதிய ஒரு கட்டுரை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுங்கள். 'நல்ல ஒழுக்கமுள்ள மாணவர்' என்று மட்டும் எழுதிய கடிதம் பயன்படாது. இன்ன கட்டுரையில் இன்ன கேள்வி கேட்டார் என்று எழுத எங்களுக்கு நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும்.

இரண்டு நல்கை ஒரே நேரத்தில் வாங்கலாமா? வரி கட்ட வேண்டுமா?

ஆய்வு நல்கை இரண்டை ஒரே காலத்துக்கு வாங்கக் கூடாது. வாங்கியது தெரிந்தால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். பெரியது கிடைத்தால் சிறியதை எழுத்துமூலம் விட்டுவிட்டுச் சேருங்கள். கல்விச் செலவுக்காகத் தரப்படும் உதவித்தொகைக்கு வருமான வரி இல்லை.

மூன்று முறை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. வயது 27. இன்னும் முயலலாமா?

முயலுங்கள். நெட் நல்கைக்கே இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, தளர்வு இருந்தால் எட்டு வருடம். சார்லஸ் வாலஸுக்கு 25 வயதுக்கு மேல்தான் வாசலே திறக்கிறது. மூன்று நிராகரிப்புகளையும் எடுத்து மேசையில் வையுங்கள். தேர்வில் விட்டது என்றால் எந்த அலகில் என்று பாருங்கள். திட்டத்தில் விட்டது என்றால் துறைக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம், ஒரு பள்ளி ஆசிரியரிடமோ நண்பரிடமோ, படிக்கக் கொடுங்கள். உங்கள் கேள்வி என்ன என்று அவரால் ஒரே வரியில் திருப்பிச் சொல்ல முடியவில்லை என்றால் அந்தப் பக்கத்தை மறுபடி எழுதுங்கள். எழுதிவிட்டு எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் பழைய கல்லூரி ஆசிரியருக்கு அனுப்புங்கள். படித்துத் திருத்தித் தருவோம்.